எட்டுத் துண்டுப் பகா எண்

சிங்கப்பூர் தேக்காவில் கேக் செய்யும் கமலம், கபிலன் எழுதிக் கொடுத்த எண்ணை இரண்டு முறை படித்தாள். 73939133.

"போன் நம்பரா தம்பி? நம்ம ஊர்ல ஏழுல ஆரம்பிக்காதே."

"பிறந்தநாள் கேக், அக்கா. நீளமா வேணும். துண்டுக்கு ஒரு எண்."

பிறந்தநாள், கணித ஆசிரியை சிவதர்ஷினிக்கு. கபிலன் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். இருவரும் ஒரு வருடமாகக் காதலிக்கிறார்கள். அதை அவள் அப்பாவிடம் அன்றே சொல்லிவிடுவதென்று கேக்கைக் கையில் ஏந்தியபடி செங்காங்கிலுள்ள அவள் வீட்டுக்கு ரயில் ஏறினான்.

வீடு நிறைய உறவினர்கள். தர்ஷினி எண்ணைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மெழுகுவத்தியை ஊதி முடித்ததும் அப்பா ஏரம்பமூர்த்தி கத்தியை வாங்கி, இடது ஓரத்திலிருந்த 7 எண் துண்டை வெட்டித் தட்டில் வைத்தார். கரண்டி வாய்க்கருகே போனது.

"அங்கிள், நில்லுங்க!"

கபிலன் போட்ட சத்தத்தில் கூடமே அவனைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்குக் காது சிவந்தது.

"என்ன தம்பி, நான் கேக் சாப்பிடக் கூடாதோ?"

"இது பகா எண்ணுப்பா. பிரைம்" என்று சிரித்தாள் தர்ஷினி. "வலது பக்கத்துல இருந்து ஒண்ணொண்ணா எடுத்தா, மிச்சம் இருக்கிறதும் பிரைமாவே இருக்கும், கடைசி வரைக்கும். இந்த மாதிரி நம்பர்லயே இதுதான் பெருசு. நீங்க ஏழை எடுத்ததும், மிச்சம் பதினொண்ணால வகுபடுது!"

ஏரம்பமூர்த்தி தட்டைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். பிறகு ஏழைத் தூக்கி, கிரீமைப் பசையாகத் தடவி, இருந்த இடத்திலேயே ஒட்டினார். "சரி. வலப்பக்கத்தால வருவம்."

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு துண்டையும் வெட்டியதும், "பாருங்கோ, பாருங்கோ!" என்று ஊக்கினார். உறவினர்கள் கைப்பேசியில் சரிபார்த்து, "பிரைம் லா!" என்று கூவினார்கள். 739 வந்தபோது கைதட்டலே எழுந்தது.

அந்த ஆரவாரத்தில் கபிலனுக்குத் துணிச்சல் வந்தது. "அங்கிள், நானும் தர்ஷினியும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

"ஒரு நம்பருக்காக என்னையே அதட்டினீர். அப்பவே விளங்கிட்டுது" என்றார் அவர், கத்தியைத் துடைத்தபடி. "அவளுக்குச் சம்மதமெண்டால் எனக்கும் சம்மதம்."

கடைசியில் ஏழு மட்டும் மிஞ்சியது. கபிலன் ஆசையாகத் தட்டை நீட்டினான்.

"பகா எண்ணைப் பங்கு போட முடியாது" என்று தர்ஷினி முழுத் துண்டையும் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, முதல் வாயை அவனுக்கே ஊட்டினாள்.