மணல் மூடிய முகத்துவாரம்

மணவாள நகரிலிருந்து காலையில் கிளம்பினால் நண்பகலுக்குள் பழவேற்காடு வந்துவிடும். இத்தனை கால இல்லறத்தில் மனைவி கனகவல்லியைப் பூவராகவன் ஒருமுறையேனும் அங்கே அழைத்துச் சென்றதில்லை. இப்போது மாருதி வேனின் பின்னிருக்கையில், துணியால் வாய் கட்டிய கலயத்தில் அவள் சாம்பலாய் வந்துகொண்டிருந்தாள். ஏரியும் கடலும் கலக்கும் இடத்தில் தன்னைக் கரைக்கச் சொல்லியிருந்தாள். கருமாதிக்குள் கரைத்தாக வேண்டும்.

வண்டியோட்டிய நூர் அகமது காக்களூர்ப் பட்டறையில் அவரோடு வேலை செய்பவர். பிறந்த ஊரும் குடும்பம் இருப்பதும் பழவேற்காடு. "இந்த மாசத்துல மொகத்துவாரம் தொறந்துதாண்ணே கெடக்கும்" என்று உறுதி சொல்லியிருந்தார். வந்து பார்த்தால் மணல் மேடிட்டு, ஏரி வேறு, கடல் வேறாகக் கிடந்தது.

"இந்த வருசம் சீக்கிரமே மூடிக்கிச்சு" என்றார் மீனவர் தலைவர் தேசப்பன். "ஊர் கூடித்தான் வெட்டணும். அதுவரிக்கும் சுத்திப் பாரு நைனா. டச்சுக்காரன் அப்பிடிப் பாக்க வந்துதான் இங்கியே படுத்துக்கினான்."

அஸ்திக் கலயம் வீட்டினுள் நுழையலாகாது. ஆகவே நூர் வீட்டு வாசலில் நின்ற பூவரச மரத்தில் அதைக் கட்டிவிட்டு, பூவராகவன் வேனிலேயே படுத்தார். நூரின் மனைவி நசீம் பானு கொண்டுவந்த நாஷ்டாவை உண்டார். உண்டது ஆப்பமா இடியாப்பமா என்று அவருக்குத் தெரியாது. டச்சுக் கல்லறையில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைக் கண்டார். பள்ளிவாசலின் நிழல் கடிகாரத்தைக் கண்டார்.

"கரெக்டா காட்டுது பாத்தியாண்ணே?"

"காட்டுது."

விடியலில் பழக்கத்தால் நா பாசுரத்தைத் தேடும். முதலடி வரும், அடுத்த அடி வாராது.

"அழுதுடுண்ணே. இன்னாத்துக்கு இப்டி கல்லாட்டம் குந்திக்கினு கீற?"

"வரல நூரு."

கருமாதிக்கு முந்திய நாள் ஊர் திரண்டது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்பது அங்கே முறை.

"நூரு ஊட்டுக்கு நீ ஆளா நில்லு நைனா" என்று தேசப்பன் ஒரு மண்வெட்டியை நீட்டினார். பட்டறையில் நாற்காலியிலமர்ந்து மேற்பார்வை பார்த்தவரின் கைகள் அவை. வெயில் சாயும்வரை வெட்டின. ஒரு கணத்தில் மணல் நெகிழ்ந்தது. ஏரி நீர் கடலை நோக்கிப் பாய்ந்தது.

மரத்திலிருந்து அவிழ்த்து வந்த கலயத்தோடு பூவராகவன் முழங்கால் நீரில் இறங்கி அதைக் கவிழ்த்தார். சாம்பல் ஒருமுறை சுழன்று போயிற்று. வெறுங்கலயத்தையும் விட்டுவிட்டு, கையை நீருக்குள்ளேயே வைத்திருந்தார்.

"எரியுது" என்றார்.

"இன்னாண்ணே?"

"கொப்புளம் ஒடஞ்சிருக்கு நூரு. உப்புத் தண்ணி எரியுது."

"அப்ப கையை எடேன்."

அவர் எடுக்கவில்லை.