இன்னும் கொஞ்சம் சீவு

மூன்றாவது ரெக்கார்டர் குழலும் திரும்பி வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு போன இசை டீச்சரே அதை நேரில் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தபோது அக்காவுக்குச் சுருக்கென்றது.

ரெக்கார்டர் என்றதும் பாட்டுப் பதிவு செய்யும் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்து, இப்போது அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழல்களின் அளவுப்படத்தை வைத்து, அக்காவும் தம்பியும் அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். தம்பி கடைசல் இயந்திரத்தில் மரத்தைக் கடைந்து துளை போடுவான். அக்கா வாய்ப்பகுதியைச் செதுக்குவாள். நேர்த்தியான கை என்று பேர் வாங்கியவள். அந்தப் பேர்மேல் ஈ உட்காரக்கூட விடமாட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் டீச்சர். "அடிச்சுரம் நிக்கவே மாட்டேங்குது. ஊதினா துள்ளி மேல ஓடிடுது."

"அடுப்பு ஊதற மாதிரி ஊதினா எதுதான் நிக்கும்?"

டீச்சர் பையிலிருந்து இன்னொரு குழலை எடுத்தார். அதுவும் அக்கா செய்ததுதான், சில வருஷங்களுக்கு முன்னால். ஊதினார், அடிச்சுரம் அசையாமல் நின்றது. அதே வேகத்தில் புதுசை ஊதினார்; கீச்சென்று துள்ளியது. பிறகு, குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி மெல்ல ஊதினார். உடனே புதுசும் இனிமையாகப் பேசியது.

"இப்படிப் பயந்து பயந்து ஊதி நான் எப்படிங்க கச்சேரி பண்றது?"

"ரெண்டையும் வச்சுட்டுப் போங்க. பாக்கறேன்," என்றாள் அக்கா, முகம் கொடுக்காமல்.

அளந்து பார்த்தாள். ஓர் இடத்திலும் பிசகில்லை. அளவுப்படத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். குழலின் வாய்க்குள் ஒரு சின்ன மரத்தக்கை உண்டு. அதன் நுனியைச் சீவச் சீவக் குறைந்த காற்றிலேயே குழல் பேசும்; எவ்வளவு சீவுவது என்பதை ஊதிப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். ஊதுவது தம்பி. சின்ன வயசிலேயே அவனுக்குத் துருத்தி என்று பட்டப்பெயர். தண்ணீருக்குள் முங்கினால், கரையில் நிற்பவர்கள் அலறி அடித்துக்கொள்ளும் வரை தலை தூக்கமாட்டான். அவன் ஊதிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சீவுக்கா" என்பான்; இவள் சீவுவாள். "போதும்" என்றால் நிறுத்துவாள். இத்தனை வருஷமாக அந்த மூச்சை நம்பித்தான் அவள் கத்தியைப் பிடித்தாள்.

திரும்பி வந்த மூன்று குழல்களையும் செய்த வரிசைப்படி மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக ஊதினாள். முதலாவது வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவான காற்றில் பேசியது. இரண்டாவது அதைவிடக் குறைவில். மூன்றாவது, பெருமூச்சு விட்டாலே பேசியது.

குழலுக்குக் குழல் குறைந்துகொண்டே வந்தது, ஊதிப் பார்த்தவனின் மூச்சு. தன் கை கெடவில்லை என்று தெரிந்தும் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. மரத்தூளுக்குப் போடச் சொன்ன முகமூடியை அவன் எப்போதும் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்ததும், சளி சளி என்று சமாளித்ததும் இப்போதுதான் உறைத்தது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் என் கண் அவிந்தா போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"துருத்தி, இங்க வா."

இயந்திரத்தை ஓடவிட்டபடியே வந்தான், புருவமெல்லாம் மரத்தூளோடு. டீச்சரின் பழைய குழலை நீட்டினாள்.

"அடிச்சுரம் ஊது."

"இது பழசாச்சேக்கா."

"ஊதுடான்னா ஊது."

ஊதினான். வெறும் காற்று வந்தது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் ஊதினான். சுரம் எழும்பி, நடுங்கி, அடங்கிப் போனது. அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எத்தனை நாளாடா?"

"என்னது?"

"நடிக்காதே."

"மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது. அவ்வளவுதான். சொன்னா நீ கடைசல் பக்கமே விடமாட்டே. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?"

"உசிரைவிட வேலை பெரிசாப் போச்சா உனக்கு?" கத்த ஆரம்பித்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் அழுதால் அவனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. மேசையில் கிடந்த சின்னக் கத்தியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"அழாதேக்கா. தக்கை ஈரம் குடிச்சு உப்பியிருக்கும். இன்னும் கொஞ்சம் சீவு, சரியாயிடும்."

அக்கா கத்தியை உறையில் செருகினாள். போய்க் கடைசல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"மேல போய்ச் சட்டையை மாத்திட்டு வா. டாக்டர்கிட்ட போறோம்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். இயந்திரச் சத்தம் இல்லாத பட்டறையில், அவன் படியேறும் சத்தத்தை அவள் முதல்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டாள். பாதிப் படியில் அது நின்றது.