எலும்புக்கூட்டின் இடது பக்கம்

'பி' நல்ல கிரேடுதான். அந்த வாரம் முழுக்க இதை எனக்குச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அண்ணன் சொன்னான். கல்லூரி ஆலோசகர் சொன்னார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த வகுப்புத் தோழியும் சொன்னாள். அவள் தேறவே இல்லை, அதனால் அவள் சொன்னதிலாவது ஒரு நியாயம் இருந்தது. மற்றவர்கள் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பாதியில் கை கழுவப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, அந்த ரகம்.

எங்கள் கல்லூரியில் உடற்கூறியல் பாடத்தில் 'ஏ' வாங்கினால்தான் பிசியோதெரபி படிப்புக்கு மாற முடியும். 'பி' வாங்கியவர்கள் பொது அறிவியலிலேயே கிடந்து, ஒரு பட்டத்தை வாங்கிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். அதே பாடத்தை மறுபடி எடுக்கத் தடையில்லை. ஆனால் பதிவு செய்த அடுத்த நிமிஷமே பழைய கிரேடு அழிந்துவிடும். அதன்பிறகு எது வருகிறதோ அதுதான் நிற்கும். 'சி' வந்தால் 'சி'. பதிவு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது.

வியாழக்கிழமை ஆலோசகர் அறைக்குப் போனேன். கொஞ்சம் தைரியம் கொடுப்பார் என்று நினைத்தேன்.

"பி நல்ல கிரேடும்மா. போட்டுக் குழப்பிக்காதீங்க."

"பிசியோ கிடைக்காதே சார்."

"அப்ப மறுபடி எடுங்க."

"குறைஞ்சிடுச்சுன்னா?"

"அப்ப எடுக்காதீங்க."

இதற்கு ஒரு அறை, ஒரு சுழல் நாற்காலி, கதவில் ஒரு பலகை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு அந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய பிறகு அவளால் படுக்கவே முடியவில்லை. மல்லாந்தாலும் வலி, ஒருக்களித்தாலும் வலி. வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வருவாள். அவள்தான் அம்மாவைக் கட்டிலின் ஜன்னல் பக்கத்து விளிம்பில் உட்கார வைத்து, எதிரே ஒரு சின்ன மேஜையைப் போட்டு, அதன்மேல் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து தூங்கக் கற்றுக்கொடுத்தாள். மருந்தால் ஆகாதது மூன்று தலையணையில் ஆனது. அன்றைக்கு அம்மா மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும், "நீயும் அந்தப் பொண்ணு மாதிரி ஆயிடேன். உனக்குக் கை சூடா இருக்கு" என்றாள். அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது அது ஒன்றுதான்.

அப்படியே உட்கார்ந்துதான் கடைசி இரண்டு மாதமும் கழிந்தது. முகம் ஜன்னல் பக்கம், முதுகு அறைப்பக்கம். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு. அந்த மேஜையைத் தாண்டி அதில் நுழைகிற உடம்பு எங்கள் வீட்டில் அண்ணிக்கு மட்டும்தான். அண்ணன் லிப்ட் பழுது பார்க்கிறவன், இருட்டுக் குழிக்குள் எல்லாம் இறங்குவான், இந்த இடுக்கில் அவன் தொப்பை நுழையவில்லை. எனக்கும் இடுப்பு இடித்தது. ஆக, அம்மாவுக்கு ஊட்டுவது, வாய் துடைப்பது, தலையணை உறை மாற்றுவது எல்லாம் அண்ணி. தினமும் அந்த உறைகளைத் துவைத்துக் கொடியில் போடுவாள். "ஒரு நாள் விட்டா குடியா முழுகிடும்?" என்று நான்கூடக் கிண்டல் செய்ததுண்டு. அண்ணி அடுத்த உறையை உதறிக் கொடியில் போடுவாள்.

நான் கட்டிலில் அம்மாவுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிப்பேன். உடற்கூறியலில் படத்தைப் பார்த்து எலும்பைப் படித்தால் மண்டையில் ஏறாது. தொட்டுப் படிக்கவேண்டும். ஒருநாள் அம்மாவே, "என் முதுகுதான் சும்மா கெடக்கே, இதுல படியேன்" என்றாள். சதை வற்றிப்போன உடம்பு. ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகக் கைக்கு வந்தது. தோள்பட்டை எலும்பின் முகடு, விலா எலும்புகள், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு, முழங்கை முனை. விரலை வைத்து அழுத்தி, பெயரையும் பக்கத்தையும் சத்தமாகச் சொல்லுவேன். பயந்து பயந்து தொட்டால் அம்மா அதட்டுவாள்.

"நல்லா அழுத்திப் பாரு. வலிக்கல."

நான் நல்லா அழுத்திப் பார்த்தேன். சொல்லி முடித்ததும் சற்றுப் பொறுத்து, "சரிதானா?" என்பாள், ஏதோ அவளுக்குத் தெரிந்ததுபோல. எனக்கு நினைவு தெரிந்து நானும் அவளும் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அவள் சாகப்போகிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிடும். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அம்மா போன மறுவாரம் தேர்வு. எழுதினேன். 'பி' வந்தது. அம்மா செத்த மறுவாரம் எழுதி 'பி' வாங்கினதே பெரிய விஷயம் என்று அண்ணன் கண் கலங்கினான். மண்டையில் இருந்த சரக்கு அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைசியாக ஒருமுறை விடைத்தாளைப் பார்த்துவிடலாம் என்று விரிவுரையாளரிடம் போனேன். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முதுகுத்தண்டு. வளையமாட்டார், குனியமாட்டார், பேனா விழுந்தால்கூட யாராவது எடுத்துத் தரவேண்டும். என் தாளைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தவர், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

செய்முறைத் தேர்வு எப்படியென்றால், கூடத்தின் நடுவில் ஒரு முழு எலும்புக்கூட்டை நம்மைப் பார்த்தபடி தொங்கவிட்டிருப்பார்கள். எலும்புகளில் எண் எழுதிய ஒட்டுத்தாள்கள் இருக்கும். மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு எண்ணுக்கும் பெயரையும் அது இடதா வலதா என்பதையும் எழுதவேண்டும். பெயருக்குப் பாதி மதிப்பெண், பக்கத்துக்குப் பாதி; எழுத்துத் தேர்வு தனி.

"பேர் ஒண்ணுகூடத் தப்பில்ல" என்றார். "பக்கம்தான்."

"நிறைய தப்பா சார்?"

"எல்லாமே தப்பு. இடது எல்லாம் வலது, வலது எல்லாம் இடது. கண்ண மூடிக்கிட்டு எழுதினாக்கூடப் பாதி சரியா வந்திருக்கும். எல்லாத்தையும் தப்பா எழுத ஒரு தனித் திறமை வேணும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். பெயர்களுக்கு எல்லாம் சரி அடித்திருந்தது, பக்கங்களுக்கு எல்லாம் சிவப்புச் சுழி.

"மொத நாளே சொன்னேனே, பக்கம்னா அதோட பக்கம், உங்க பக்கம் இல்லன்னு."

"தெரியும் சார்."

தெரியும்தான். கேட்டால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். ஆனால் மணி அடித்தபோது எழுதியது தலை இல்லை, கை. அந்தக் கைக்கு அம்மாவின் இடது தோள் என் இடது கைப்பக்கம்தான் இருந்தது. எதிரே தொங்கியது என்னைப் பார்த்து நிற்கிறது என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

முதுகுத்தண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரை வெச்சுப் படிச்சீங்க?"

"எங்கம்மாவ."

"உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாங்களா?"

தலையாட்டினேன்.

"அதான் விஷயம். இது தெரியாத தப்பில்ல, திரும்பி உட்கார்ந்த தப்பு. மறுபடி எடுங்க, ஏ நிச்சயம். இந்தத் தடவ அம்மாவ உங்களப் பாத்து உட்காரச் சொல்லுங்க."

"சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்ல.

ஆனால் ஒன்று, படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா போன பிறகு முதல் சிரிப்பு. எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது. மக்கு இல்லை நான். இடதை வலதாக மாற்றிவிட்டால் 'ஏ', 'ஏ' வந்தால் பிசியோ, அம்மா கேட்டது நடந்துவிடும். பேருந்திலேயே முடிவு செய்துவிட்டேன், மறுபடி எடுப்பது என்று.

நாலரை மணிக்கு வீடு வந்தபோது அண்ணி மட்டும் இருந்தாள். பேக்கரியில் அதிகாலை வேலை முடித்து வந்து, அம்மாவின் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் இருந்த இடத்தில் இப்போது என் மேஜை. மடிக்கணினியைத் திறந்து பதிவுப் பக்கத்துக்குப் போனேன். தட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். சிவப்புச் சுழிகளையும் தனித் திறமையையும் சொன்னபோது அண்ணி துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கண் நிறைந்துவிட்டது.

"எடு. யோசிக்காதே, எடுத்துடு" என்றாள். "அத்தை பட்ட பாட்டுக்கு நீ ஏ வாங்கியே ஆகணும்."

"என்ன பட்டாங்க?"

அண்ணி மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"என்ன பட்டாங்க அண்ணி?"

"ஒண்ணுமில்ல விடு."

"எங்கிட்ட வலிக்கலன்னுதானே சொன்னாங்க."

"உங்கிட்ட வேற எப்படிச் சொல்வாங்க?" அண்ணி என்னைப் பார்க்காமல் பேசினாள். "நீ கைய வெச்சதும் தலையணையக் கடிச்சுப்பாங்க. நீ பேர் சொல்லி முடிக்கிற வரைக்கும் விடமாட்டாங்க. அப்புறம் வாய எடுத்து, மூச்சு வாங்கி, சரிதானான்னு கேப்பாங்க. நான் எதிர்லயே நிக்கறேன், எனக்குத் தாங்கல. ஒருநாள் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். கண்ணாலயே அடக்கிட்டாங்க. அப்புறம் தனியா இருக்கும்போது, அவ படிக்கட்டும்னாங்க."

தலையணை உறைகள் ஞாபகம் வந்தன. தினமும் கொடியில்.

இரண்டு மாதம். வலதுதோள், இடதுதோள், மறுபடி வலதுதோள். சரியாக வரவில்லையென்றால் இன்னொரு தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்த இரண்டு மாதம். அந்தப் பக்கம் ஒரு முகம் இருந்ததே, அதை நான் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்படிப் படித்ததையும் முழுசாகத் தப்பாக எழுதிவிட்டு வந்திருக்கிறேன். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்துவிட்டது. அது இனி எழுந்திருக்காது என்று அப்போதே தெரிந்தது.

அண்ணி பயந்துபோனாள். "நான் ஒரு லூசு. எதுக்கு இத இப்ப சொன்னேன்? இங்க பாரு. அவங்க ஆசைப்பட்டுத்தான் செஞ்சாங்க. நீ எடு. நான் இருக்கேன்ல." ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். "இந்தா, உன்னப் பாத்தே உட்கார்ந்துட்டேன். இந்தத் தடவ மாறாது."

என் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தாள்.

"நல்லா அழுத்திப் பாரு" என்றாள். "வலிக்கல."

அண்ணிக்கு அது அம்மாவின் வார்த்தை என்று தோன்றியிருக்காது. தினமும் கேட்டுக் கேட்டு வாயில் வந்திருக்கும். விரலுக்கடியில் தோள் எலும்பு இருந்தது. பெயர் தெரியும். இந்தத் தடவை பக்கமும் தெரியும். எதிரே அண்ணியின் முகம் சிரித்தபடி இருந்தது. அம்மாவும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் சிரித்திருப்பாள், எனக்கு அப்போதும் தெரிந்திருக்காது. யார் வலிக்கல என்று சொன்னாலும் இனி நம்பமாட்டேன். அப்படி ஒரு ஆள் பிசியோதெரபி படித்து என்ன கிழிக்கப் போகிறது.

கையை எடுத்துக்கொண்டேன்.

"என்னாச்சு? மணியாகுது பாரு. அமுக்கு அந்த பட்டன."

திரையில் பதிவு செய்க என்ற பொத்தான் பச்சையாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணி ஒருமுறை கை நீட்டினாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்குப் பொத்தான் சாம்பல் நிறமானது.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்று அண்ணி அழுதாள்.

"பி நல்ல கிரேடுதான் அண்ணி" என்றேன்.