மூன்றின் வாய்

இறைச்சித் தொழிற்சாலை முதலாளி டோன் நெரேயோவின் கட்டைவிரல் எப்போதும் பிசுபிசுத்தே இருக்கும். யூதெல்கா வரைந்து கொண்டுவந்த மூன்றின்மேல் அந்த விரலைத்தான் வைத்து அழுத்தினார். தாளில் எண்ணெய் வட்டம் விழுந்தது.

"இது இன்னும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதே, மகளே. இன்னும் கொஞ்சம் சுருட்டி விடு."

"இதுக்கு மேல சுருட்டினா எட்டு மாதிரி ஆயிடும், டோன்."

"ஆகட்டுமே. அழகா இருந்தா போதும்."

அவள் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அந்த அறையில் வாயைத் திறந்தாலே பூண்டும் வெந்த கொழுப்பும் நாக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

யூதெல்கா எழுத்துரு வரைபவள்; அந்த எண் சேரவேண்டிய எழுத்துருவுக்குக் 'கயேனா' என்று பெயர் வைத்திருந்தாள். வேலிச் செம்பருத்தியின் பெயர். தடித்த எழுத்துகள், கோடுகள் முடியும் இடமெல்லாம் சின்னப் பாதங்கள், ஒவ்வொரு பாதத்திலும் ஒரு இதழ் விரியும். கடைப் பலகைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பெரிதாகப் போடுவதற்கென்றே வரைந்தது. அதனால் எண்கள் வரையவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சாந்தியாகோ நகரில் ஒரு அழகு நிலையத்தின் வாசலில் அதை முதன்முதலாகப் பார்த்த அன்று, எதிர்ப்புறம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் டோன் நெரேயோ இறைச்சியை மசித்து உறையில் அடைத்துச் செய்யும் தன் 'டோனா ஒப்துலியா' சலாமிக்காக அதை வாங்கினார். காலையில் மசித்த வாழைக்காயோடு சலாமி பொரிக்காத வீடு எது? அத்தனை மேஜையிலும் தன் எழுத்து இருக்கும் என்று சந்தோஷப்பட்டாள். அடுத்து, காலாவதித் தேதி போட எண்களும் அதே வேலைப்பாட்டில் வேண்டும் என்றார். ஐந்தின் தொப்பியை வளை, ஆறின் வாலை உள்ளே மடக்கு என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். ரசனை கெட்ட மனுஷன் என்றுதான் நினைத்தாள். மூன்றும் எட்டும் கண்ணில் பட்டவுடன் பிரிந்து தெரிய வேண்டும் என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. ஆனாலும் அலுத்துப்போய், வாய் மூடிய மூன்றை வரைந்து அனுப்பிவிட்டாள்.

ஜூன் மாதம், அச்சான உறையைப் பார்க்கத் தொழிற்சாலைக்குப் போனாள். கழிப்பறை என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளினாள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடைகளிலிருந்து திரும்பி வந்த சலாமிகளின் பழைய உறையை உரித்துக்கொண்டிருந்தார்கள். தோலில் பச்சை வழவழப்பு. அதை வினிகர் துணியால் வழித்து வாளியில் பிழிந்தார்கள். துடைத்த சலாமியின்மேல் அவளுடைய பூப்போட்ட புது உறை ஏறியது. ஒருத்தி தூக்கிய சலாமிக்குள் அவள் விரல் முழுசாக இறங்கிவிட்டது. அவள் அலட்டிக்கொள்ளாமல் விரலை உருவி, அந்த ஓட்டையை உறையால் மூடினாள்.

"உள்ள வராத பொண்ணே, வாடை துணியில ஒட்டிக்கும்."

உறையின் முனையில் காலாவதித் தேதி இருந்தது. மூன்றாம் மாதம். வேறு யார் பார்த்தாலும் எட்டு என்றுதான் படிப்பார்கள்.

அவள் அலுவலகத்துக்குப் போனபோது டோன் நெரேயோ பல் குத்திக்கொண்டிருந்தார்.

"நான் பொய் அச்சடிக்கல, மகளே. இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரியான தேதிதான் இருக்கு. படிக்கத் தெரியலன்னா அது அவனோட பாடு."

"என் நம்பர எடுத்துடுங்க."

"உன் நம்பரா? நீ அனுப்புன, நான் அச்சடிச்சேன், லாரியும் கெளம்பியாச்சு." அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கன்னத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டே வந்தாள். தெருமுனையில் கிரினோவின் மளிகைக் கடையில், கல்லாவுக்கு மேல் புது சலாமிகள் தொங்கின.

"கிரினோ, இதுல என்ன மாசம் போட்டிருக்கு?"

"எட்டு. ஏன், கண்ணாடி வாங்கணுமா உனக்கு?"

வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த தாவீனோ எட்டிப் பார்த்தான். "அது அஞ்சு."

"அஞ்சாம். உனக்கு டோமினோவுலயே அஞ்சு தெரியாது, அதனாலதான தோத்துக்கிட்டிருக்க."

"வெட்டுங்க," என்றாள் யூதெல்கா.

கிரினோ வெட்டினான். நடுவில் சாம்பல் நிறம். முதலில் வினிகர் நெடி வந்தது. அதன் பின்னால், செத்த எலியைப் பலகைக்கு அடியில் தேடும் நாளின் வாடை. தாவீனோ தெருவில் காறித் துப்பினான்.

"காலையில எறக்கினதும் இதுல ஒண்ணத்தான் என் பிள்ளைக்குப் பொரிச்சுக் குடுத்தேன்," என்றான் கிரினோ. "எந்தக் கழுதை இந்த நம்பர வரைஞ்சது?"

"நான்தான்."

கிரினோ அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கொக்கியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி அவள் முன்னால் போட்டான்.

"அப்ப நீயே படி. எனக்கு இந்தப் பூவேலை புரியல."

எட்டிலிருந்து மூன்றைப் பிரிக்க உள்ளே ஒரு மெல்லிய கொக்கிதான் உண்டு. அதைப் பார்க்க ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மூணு."

கிரினோ குப்பைத் தொட்டியில் எறிந்தான்.

"மூணு. இதுவும் மூணு."

கடைசியையும் எறிந்துவிட்டு அவன் கையைத் துடைத்தான். "மேல்தெரு ஃபிரான்சியா கடையிலயும் லாரிக்காரன் இன்னைக்குத்தான் எறக்கினான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில."

யூதெல்கா கை கழுவத் தண்ணீர் கேட்கவில்லை. அடுத்த கடையிலும் அதையேதான் தொட வேண்டும். மேட்டில் ஏறத் தொடங்கினாள்.