மூன்றாவது மாத்திரை

கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகமே வராத விஷயம் ஒன்று உண்டு. முதலாவதும் இரண்டாவதும் சமம், இரண்டாவதும் மூன்றாவதும் சமம் என்றால், முதலாவதும் மூன்றாவதும் சமம். பெண்டாட்டியோடு சண்டை போடும்போதுகூட இதை வைத்துத்தான் அவள் வாயை அடைக்கப் பார்ப்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவருடைய தம்பி கட்டட வேலையில், உச்சிக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவன். சின்ன வயதில் வலிப்பு வந்தவன். மாத்திரை தவறாமல் விழுங்கியதால் பல வருடமாக அது எட்டிப் பார்க்கவில்லை. வேலை போய்விடுமே என்று கம்பெனியில் அவன் மூச்சுவிடவில்லை.

போன மாதம் டாக்டர் எழுதிய மாத்திரை கடையில் இல்லை. அதற்குச் சமம் என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். இந்த மாதம் அதுவும் தீர்ந்துபோய், அதற்குச் சமம் என்று மூன்றாவது ஒன்று வந்தது. தம்பிக்கு மனசு ஒப்பவில்லை. விரல் லேசாகத் துடிக்கிறது, டாக்டரைப் பார்க்கும்வரை லீவு போடட்டுமா என்று அண்ணனிடம் கேட்டான்.

"மூணும் ஒண்ணுதாண்டா. கணக்கு பொய் சொல்லாது. நீ பாட்டுக்கு வேலைக்குப் போ."

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. போனான்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் வாத்தியார் இதைப் பெருமையாக அளந்துகொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். வேதியியல் டீச்சர் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்க சமம் வேற, மருந்துக்கடை சமம் வேற சார். அங்க கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமம்தான். ரெண்டாவது கொஞ்சம் கம்மி, மூணாவது அதைவிடக் கொஞ்சம் கம்மின்னா, கடைசியில எங்க போய் நிக்கும்?"

வாத்தியார் எழுந்து வெளியே வந்தார். தம்பிக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்.

கட்டடத்தில் ஒரு சத்தமும் இல்லை. வேலையாட்கள் ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயரத்தில் கிரேனின் கை, கம்பிக் கட்டைத் தொங்கவிட்டபடி அசையாமல் நின்றது. வயர்லெஸ்ஸில் தம்பியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மேஸ்திரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. வந்தவர் அண்ணன் என்று தெரிந்ததும், அவனுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"வலிப்புங்க," என்றார் வாத்தியார். "லீவு போடறேன்னுதான் சொன்னான். நான்தான் அனுப்பி வச்சேன்."

மேஸ்திரி மேலே பார்த்தார். தம்பியைப் பார்க்க ஏணியில் ஏறிய ஆள் இன்னும் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை.