மூடி திறந்த டப்பா

கையில் இந்தப் பிளாஸ்டிக் டப்பா, மூடி திறந்தபடி, உள்ளே ஒரு சொட்டு இல்லை, கோர்ட்டுக் கக்கூஸில் என் முதுகுக்குப் பின்னால் மறுவாழ்வு மையத்துக் காவலாள் தணிகாசலம் மூச்சுவிடுவது கேட்கிறது, அவர் கண்ணெதிரேதான் சிறுநீர் பிடிக்க வேண்டும், அடுத்தவனுடையதை ஊற்றிவிடுவோம் என்று கோர்ட்டுக்குப் பயம், எனக்கோ ஆள் நின்றாலே அடைத்துக்கொள்கிறது, இன்னாப்பா வரலியா, ஜட்ஜம்மா கூப்ட்ருவாங்க, வருதுண்ணே, வருது, வரவில்லை, தராவிட்டால் போதை மாத்திரை போட்டவன் என்றுதான் அர்த்தம், நேராக ஜெயில், நான் அதைத் தொட்டே மாதக்கணக்காகிறது, சொல்ல இந்த உடம்பு ஒன்றுதான் சாட்சி, அதுவும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது, சனியன். ஜெயிலா வைத்தியமா என்று ஜட்ஜம்மா அன்று கேட்டார், வைத்தியம்மா என்றேன், சுத்தமா இருந்தா வீட்டுக்குப் போலாம் என்றார், வீடு என்றதும் என் பெண்டாட்டி ஸ்டெல்லா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள், இப்போதும் வராண்டாவில் அப்படித்தான் நிற்பாள்.

தணிகாசலம் குழாயைத் திறந்துவிடுகிறார், தண்ணீர் சளசளக்கிறது, மழையா, இல்லை, காசிமேட்டு வீட்டுப் பின்கட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், என் பாதங்களின் மேல் பிள்ளை, அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்கிறேன், பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, ஏன் சாய்கிறது, பிள்ளை சாயவில்லை, என் கைதான் ஆடுகிறது, குடுய்யா புள்ளைய, கீய போட்ருவ, ஸ்டெல்லா பிடுங்கிக்கொண்டு போகிறாள், பாதத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்த சூடு மட்டும், அப்புறம் அவள் தரவேயில்லை, நானும் கேட்கவில்லை, கேட்க வெட்கம்.

குழாய் கக்கிக்கக்கி நின்றுபோகிறது, கோர்ட்டுக் குழாயில் என்றைக்கு ஒழுங்காகத் தண்ணீர் வந்தது, கை வேர்க்கிறது, வெளியே யாரோ என் பேரைக் கூவுகிறார்கள், தணிகாசலம் தொண்டையைச் செருமுகிறார், சிரிக்காத இன்னா, என்கிறார், அந்தப் பெரிய மீசைக்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ் என்று வருகிறது, ஸ்ஸ்ஸ், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, கண்ணிலும் வருகிறது, நான் அம்மாவின் பாதங்களில் உட்கார்ந்திருக்கிறேன், என் பாதங்களில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, யார் யாரைப் பிடித்திருக்கிறோம், விட்டுடு ராசா, விட்டுடு, யார் சொன்னது, அடைத்திருந்தது உடைகிறது, டப்பா கனக்கிறது. போதும்யா, மூடு, என்கிறார் தணிகாசலம். மூடியைத் திருகுகிறேன், உள்ளங்கையில் சூடு, பிள்ளை பாதத்தில் விட்டுப்போன அதே சூடு, இதைக் கொடுத்துவிட்டு வராண்டாவுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் பிள்ளையைக் கேட்கப்போகிறேன், தருவாளோ மாட்டாளோ, டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன், உள்ளே தளும்பவில்லை, கை ஆடவில்லை.