இரண்டு வீட்டில் ஒரு கலியாணம்

“நீங்கள் சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லை, தங்கச்சி. சொல்லாமல் விட்டதைத்தான் கேக்கிறன்.”

நான் கோப்பிக் கோப்பையின் மூடியைத் திறந்து திரும்ப மூடினேன். எதிரே இருந்த பெண்ணின் பெயர் பேர்ணடெற். ஒரு மாதத்துக்கு முன்னர் இமிகிரேசன் அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றில் அவருக்கு மொழிபெயர்த்தவள் நான். தமிழ்க் கடையின் அறிவித்தல் பலகையில் நான் குத்தியிருந்த மொழிபெயர்ப்பு விளம்பர அட்டையைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, வோபர்னில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டோனற் கடைக்கு வரச் சொன்னார். நான் போயிருக்கக் கூடாது. அறைக்குள் கேட்டதை வெளியே கதைப்பதில்லை என்று கையெழுத்து வைத்துத்தான் அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். ஆனால் அது சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் என்னை யாரும் எங்கும் வரச் சொல்வதில்லை.

“எனக்கு இங்கிலீஸ் கதைக்கத்தான் வராது, கேட்டால் கொஞ்சம் விளங்கும்,” என்றார். “நான் அவ்வளவு நீளமாச் சொன்னன். நீங்கள் ‘நோ’ எண்டு ஒரு சொல்லில முடிச்சிட்டீங்கள்.”

உண்மைதான்.

அவருக்கும் கிறிஸ்துநாயகம் என்பவருக்கும் பெப்ரவரி முதல் கிழமையில் பதிவாளர் முன்னிலையில் எழுத்து நடந்தது. கிறிஸ்துநாயகத்தின் அகதிக் கோரிக்கை ஏற்கெனவே மறுக்கப்பட்டிருந்தது. பேர்ணடெற் இங்கே நிரந்தரமாகிவிட்டவர் என்பதால் கணவரை ஸ்பொன்சர் செய்து விண்ணப்பித்தார். கோயிலில் கலியாணத்தையும் உடனே வைத்திருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளையின் ஞானஸ்நானக் கடிதம் மன்னாரிலிருந்து வரும் வழியில் சண்டைக்குள் எங்கோ அகப்பட்டு, தவக்காலம் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்ந்தது. தவக்காலத்தில் கலியாணம் இல்லை. ஈஸ்டர் கழிந்து இரண்டாம் சனிக்கிழமைக்குக் கோயில் பதிவாகியிருந்தது. அதுவரை மாப்பிள்ளை நகரின் இன்னொரு பக்கத்தில், அஜின்கோர்ட்டில் நண்பர்களோடும், இவர் வோபர்னில் ஓர் அறையில் தனியாகவும் இருந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. எழுத்து முடிந்தாலும் தாலி கட்டும்வரை பெண் வேறு வீடு, மாப்பிள்ளை வேறு வீடு.

நேர்காணலில் இருந்த அதிகாரி குரலை உயர்த்தாத மனிதர். கணவர் ஓர் இரவாவது உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாரா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும் பேர்ணடெற்றின் முகம் சிவந்தது.

“சீ, என்ன கேள்வி இது? கலியாணத்துக்கு முன்னம் எப்பிடித் தங்கிறது? ஈஸ்டர் முடியட்டும்.”

மேசையில் விவாகப் பதிவுப் பத்திரம் கிடந்தது. அதை வைத்துக்கொண்டே, இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று சொல்கிறார். முந்தின வருடத்திலிருந்து சட்டங்கள் இறுகிக்கொண்டு வந்தன. மறுக்கப்பட்டவர்களை முன்போல வருடக்கணக்கில் விட்டுவைப்பதில்லை. இதைவிடச் சின்ன வசனங்களால் குடும்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டதை அந்த வேலையில் நான் பார்த்திருக்கிறேன். அதனால் “இல்லை” என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மூன்று கிழமையில் மறுப்புக் கடிதம் வந்தது. இருவரும் ஒருநாளும் சேர்ந்து வாழவில்லை, ஆகவே இது இந்த நாட்டில் தங்குவதற்காகச் செய்த கலியாணம் என்று இருந்தது. வருகிற வியாழக்கிழமை கிறிஸ்துநாயகம் விமான நிலையத்துக்குப் பெட்டியோடு வரவேண்டும்.

“நான் உங்களுக்கு நல்லதெண்டு நினைச்சுத்தான் அக்கா விட்டனான்.”

“ஆர் கேட்டது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யார் கேட்டது என்று அறிய விரும்புகிறவர் போலக் கேட்டார்.

பிறகு தொடர்ந்தார். கோயில் பங்குச் சுவாமி கலியாண நாளை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறாராம். ஆனால் கலியாண நாள் மறுப்பு வந்த பிறகு குறித்ததாகக்கூட இருக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள் என்பது லோயரின் கணக்கு. நேர்காணலிலேயே ஈஸ்டரைப் பற்றிச் சொன்னது நிரூபணமானால் மட்டும்தான் கோப்பைத் திரும்ப எடுப்பார்களாம். அந்த அறையில் என்னைத் தவிரத் தமிழ் விளங்கிய வேறு ஆள் இல்லை.

இப்போதாவது இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டேன். அந்த அறைகளிலேயே இருந்து பழகிய ஒருத்தியின் கேள்வி அது.

“லோயரும் அதைத்தான் சொன்னவர். அண்டைக்குப் பின்னேரம் மாப்பிள்ளை சூட்கேசையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில நிக்கிறார், போர்டிங் ஸ்கூலுக்கு வந்த பெடியன் மாதிரி. தேத்தண்ணி குடுத்துத் திருப்பி அனுப்பிப்போட்டன்.” சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். “இப்ப வந்து இருந்தால், அந்த ஒபிசர் எழுதினது சரியெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. நாங்கள் கள்ளக் கலியாணம் கட்டேல்லை, தங்கச்சி.”

கிறிஸ்துநாயகம் ஒவ்வொரு நாளும் இவர் வேலை செய்யும் பாக்டரி வாசலுக்கு வருவாராம். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி வோபர்ன் வரை வருவார்கள். இவர் இறங்கியதும் அவர் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸில் திரும்பிப் போவார். இரண்டு மாதமாக அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை அந்த நாற்பது நிமிடம்தான். அதிகாரி கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருப்பேன் என்றார்.

“அவர் கொழும்பில இறங்கினவுடனே மன்னார் எண்டு போட்ட ஐடென்ரிக்காட்டைத்தான் பாப்பாங்கள். அதுக்குப் பிறகு என்ன நடக்குமெண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.”

பாப்பம் அக்கா என்றேன். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. குடிக்காத கோப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கண்ணாடிக்கு வெளியே, அழுக்கான பனிக்குவியலைச் சுற்றி அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பால் வாங்கத் தமிழ்க் கடைக்குள் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றது. தாயை எனக்குத் தெரியும். சிறையில் தனக்கு நடந்ததை அவர் விசாரணையில் சொன்னபோது, வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னவள் நான். என்னைக் கண்டதும் பிள்ளையின் கையைப் பிடித்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவரில் பிழையில்லை. இந்த நகரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாரும் என்னை மறுபடி பார்க்க விரும்புவதில்லை. என் பெயர் சந்திரவதனா என்பதுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது.

என் பேஸ்மென்ற் அறையின் ஜன்னல் நிலத்தோடு ஒட்டியது. அதில் கால்கள் மட்டும் தெரியும். சில நாட்களில் அந்தக் கால்களுக்கெல்லாம் முகமும் ஊரும் கொடுத்து, அவர்களோடு நான் எங்கோ ஒரு ரயிலில் போவதாக நினைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ஒருவரும் நடந்து போகவில்லை.

ஞாயிறு முழுதும் அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியதில், நேர்காணலில் சில விபரங்கள் விடுபட்டன என்றிருந்தது. யார் விட்டது என்று அதில் இல்லை. கிழித்தேன். அடுத்ததில், நேரக்குறைவால் விடுபட்டன என்று எழுதினேன். நேரம் நிறைய இருந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில் பேர்ணடெற் சொன்னதை முழுதாக எழுதினேன். ‘சீ’ என்பதை என்னால் முடிந்தவரை ஆங்கிலத்தில் விளக்கினேன். எழுத்தும் கலியாணமும் எங்களுக்கு வேறு வேறு என்பதையும் எழுதினேன். பிறகு, இவற்றையெல்லாம் வேண்டுமென்றே விட்டவள் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து யாரோ புதியவருடையதுபோல இருந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் வழக்கமான கூட்டம். எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு லோயரோ, ஒரு மாமாவோ, நித்திரையாகிவிட்ட ஒரு குழந்தையோ இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியும். பட்டியலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என் பெயர் இல்லையே, யாருக்காக வந்தேன் என்று கேட்டாள். அந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவரும் வந்து உட்காரவில்லை.

அவர் வெளியே வந்து, நின்றபடியே கடிதத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தைத் திரும்பவும் வாசித்தார். பிறகு அதை மடித்து என்னிடம் நீட்டினார்.

“நான் இதை வாங்கினால் இது முழுவதையும் வாங்க வேண்டும்,” என்றார். “உங்களைப் பற்றி எழுதியிருப்பதையும் சேர்த்து. இதற்குப் பிறகு இந்தக் கட்டடத்தில் உங்களுக்கு வேலை இருக்காது. வேறு எங்கும்கூட. விளங்குகிறதா?”

விளங்குகிறது என்றேன். அவர் இன்னும் கடிதத்தை நீட்டிக்கொண்டே நின்றார். அதை வாங்காமல் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

“வியாழக்கிழமைக்கு முன்னர் பேர்ணடெற்றைக் கூப்பிட்டு அதே கேள்வியை இன்னொருமுறை கேளுங்கள்,” என்றேன். “நான் வேண்டாம். வேறு யாரையாவது மொழிபெயர்க்க வைத்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.”